மலை டயரா ரோட்டு டயரா

1

நாங்கள் திருவனந்தபுரம் வந்து குடியேறி இந்த ஆனியோடு ஏழு வருஷம் முடிந்தது. அதை வீட்டில் யாரும் கொண்டாடவில்லை. என் வண்டியின் பின்பக்க டயர் ஒன்றுதான் வெடி போட்டுக் கொண்டாடியது. பாலராமபுரத்துக்கு இந்தப் பக்கம், மண்டையைப் பிளக்கிற வெயிலில், சின்ன வெங்காய மூட்டைகளோடு வந்துகொண்டிருந்தேன். டமார்! ரோட்டோர வீடுகளில் தறி நெய்துகொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து ஓடி வந்துவிட்டார்கள். ஒருவர் என்னிடம், "அண்ணாச்சி, இது டயரா, இல்ல பழைய செருப்பா?" என்று கேட்டார். கோபம்தான் வந்தது. ஆனால் அவர் கேட்டதில் தப்பில்லை. ரப்பர் போய், உள்ளே இருக்கிற நூல் வெளியே தெரிய ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஊரில் இருந்துகொண்டு இதைப் படிக்கிறவர்கள், "கண் காணாத ஊரில் இருக்கிறவன் நாலு புது விஷயம் எழுதுவான் என்று பார்த்தால் டயரைப் பற்றி எழுதுகிறானே" என்று முகத்தைச் சுளிக்கலாம். சுளியுங்கள். மற்றவர்கள் அனந்தசயனத்தைப் பற்றியும் சங்குமுகம் கடற்கரையைப் பற்றியும் எழுதட்டும். இந்த ஒரு மாதமாக என் வீட்டில் சோறு இறங்காமல் போனது டயரால்தான். தெரிந்ததைத்தானே எழுத முடியும்?

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யுத்த காலத்தில் பட்டாளத்தில் வண்டி ஓட்டினேன். யுத்தம் முடிந்ததும் பட்டாளத்துச் சாமான்களை ஏலம் போட்டார்கள் அல்லவா, அதில் ஒரு வண்டி எடுத்தேன். முன்னால் உட்கார ஒரு கூண்டு, பின்னால் சரக்குப் போட ஒரு திறந்த தட்டு. பட்டாளத்தில் அதற்குப் பெயர் பிக்கப். இங்கே சாலை என்று பெயருள்ள பெரிய கடைத்தெருவில் 'மிலிட்டரி வண்டி' என்றால்தான் தெரியும். நம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வெங்காயமும் வத்தலும் ஏற்றி வந்து சாலையில் இறக்குவேன். இங்கிருந்து தேங்காயும் கருவாடும் ஏற்றிக்கொண்டு போவேன். அதுதான் பிழைப்பு.

2

டயர்க் கடைக்காரர் பெயர் வர்க்கி. கோட்டயத்துப் பக்கத்து ஆள். சாலையில் தமிழ் வியாபாரிகளோடு பழகிப் பழகி அவருடைய மலையாளம் பாதி தமிழாகிவிட்டது. என்னைப் பிள்ளை என்றுதான் கூப்பிடுவார். என் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். நாலு டயரையும் காலால் தட்டினார்.

"பிள்ளே, இது நாலும் போயி, கேட்டோ. ஒண்ண மாத்தி ஒண்ணும் ஆகாது. செட்டாயிட்டு மாத்தணும்."

"என்ன இருக்கு உங்ககிட்ட?"

கடைக்குள் இருந்து இரண்டு டயர்களை உருட்டி வந்து என் முன்னால் நிறுத்தினார். ஒன்று ரோட்டு டயர். மேலே நீளவாட்டில் வரி வரியாக இருக்கும், தொட்டால் வழுவழுவென்று இருக்கும். சிமிண்டு ரோட்டில் சத்தமில்லாமல் ஓடும், சீக்கிரம் தேயாது. மற்றது கட்டை டயர். ரப்பர் கட்டை கட்டையாகத் துருத்திக்கொண்டு, நடுவில் விரல் நுழைகிற பள்ளம் இருக்கும். சேற்றைக் கடித்துக்கொண்டு மலை ஏறும். ஆனால் அதை வெயில் காய்ந்த சிமிண்டில் ஓட்டினால் கட்டை எல்லாம் தேய்ந்து, சீக்கிரமே மொட்டையாகிவிடும். இரண்டிலும் ஒவ்வொரு செட்டுதான் அவரிடம் இருந்தது. அடுத்த சரக்கு எப்போது வரும் என்பது கப்பலுக்குத்தான் தெரியும் என்றார்.

"முன்னால அது, பின்னால இதுன்னு போட்டா என்ன?" என்று கேட்டேன்.

வர்க்கி சிரித்தார். "போடலாம். பின்னே மலை எறங்கும்போ முன்வீல் வழுக்கும். நாகர்கோவில் போகும்போ பின்வீல் தேயும். ஒரு வழி தீருமானிச்சா பிள்ளைக்கு நல்லது."

ஒரு வழி! அதைத்தானே ஏழு வருஷமாகத் தீர்மானிக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். வித்துராவுக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டம். வாரம் இரண்டு நடை, கூலிக்காரர்களுக்கு வேண்டிய பலசரக்கை மேலே ஏற்ற வேண்டும், தேயிலைப் பெட்டிகளைக் கீழே இறக்க வேண்டும். வருஷம் முழுவதும் வேலை. கட்டை டயர் போட்ட வண்டியாக இருந்தால் எனக்கே தருவதாகத் தோட்டத்து ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். ஒரு நடை பழைய டயரோடு போய்ப் பார்த்தேன். வித்துரா தாண்டியதும் மழை. செம்மண் ரோடு கூழாகிக் கிடந்தது. சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் குழி தோண்டியதே தவிர ஒரு முழம் ஏறவில்லை. மேலே இருந்து தோட்டத்து ஆட்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து தள்ளினார்கள்.

"ஏ அண்ணாச்சி, நீங்க நம்மூரா? பேச்சக் கேட்டா அப்படித்தான் இருக்கு!" என்றார் ஒருவர். அவருக்குச் சொந்த ஊர் கடையம். பக்கத்தில் நின்றவருக்கு அம்பாசமுத்திரம். மலை உச்சியில், அட்டை கடிக்கிற குளிரில், நம் ஜில்லாப் பேச்சு. இங்கே நகரத்தில் இருக்கிற நான்தான் பேச்சுக்கு அலைகிறேன், மலையில் தமிழ் கொட்டிக் கிடக்கிறது.

நாகர்கோவில் வழி ஊருக்குப் போகிற தெற்கு ரோட்டு வியாபாரமோ நாளுக்கு நாள் தேய்கிறது. பெரிய பெரிய லாரிகள் வந்துவிட்டன. என் வண்டி நாலு நடையில் கொண்டு வருவதை லாரி ஒரே நடையில் கொண்டு வந்து தட்டிவிட்டுப் போகிறது. மலை வேலையை எடுத்தால் குடும்பம் நிமிரும். புத்தி இருக்கிறவன் வர்க்கி கடையிலேயே கட்டை டயரைக் காட்டி, "மாட்டும்" என்று சொல்லியிருப்பான். நான் வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். சனிக்கிழமை வரை இரண்டு செட்டையும் விற்காமல் வைத்திருப்பதாக அவர் வாக்குக் கொடுத்தார்.

3

நாங்கள் இருப்பது ஸ்ரீவராகத்தில், ஓர் ஐயர் வீட்டின் பின்கட்டில். என் மனைவி செண்பகம் நான் சொல்லி முடிக்கும்வரை கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அந்த மலை டயரப் போட்டா வண்டி பாளையங்கோட்டைக்குப் போகுமா, போகாதா?"

"போகும். ஆனா நாலு நடை போனா டயர் போயிரும்."

"அப்போ போகாதுன்னு சொல்லுங்க."

"பஸ் இருக்குல்லா?"

"எத்தன பஸ்ஸு மாறணும்? இந்தச் சின்னவளையும் இழுத்துக்கிட்டு, நாகர்கோவில்ல ஒண்ணு, அங்கிட்டு ஒண்ணு. வருஷத்துக்கு ஒரு தடவ கூட்டிட்டுப் போவியளா நீங்க? சத்தியம் பண்ணிச் சொல்லுங்க பாப்போம்."



பாளையங்கோட்டையில் எங்கள் மூத்த பையன் சங்கரலிங்கம் இருக்கிறான். இங்கே வந்தபோது அவனுக்கு மூன்று வயது. செண்பகம் வயிற்றில் வள்ளி இருந்தாள். இருக்க வீடு இல்லை, ரேஷனில் அரிசி இல்லை, வியாபாரம் எடுக்குமா என்ற நிச்சயமும் இல்லை. செண்பகத்தின் அக்கா கோமதிக்குக் குழந்தை இல்லை. "ஒரு வருஷம் எங்கிட்ட இருக்கட்டும்டி, பிள்ளயப் பெத்துக்கிட்டு வந்து தூக்கிட்டுப் போ" என்று அவள்தான் வாங்கிக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்துத் தூக்கி வரப் போனோம். அதற்குள் பள்ளிக்கூடத்தில் போட்டிருந்தார்கள். இங்கே கொண்டு வந்தால் மலையாளம் படிப்பான், நம் பிள்ளை தமிழை மறந்துவிடுவான் என்று எல்லோரும் சொன்னோம். நான் சொன்னேன், செண்பகம் சொன்னாள், என் சகலை இன்னும் உரக்கச் சொன்னார். அஞ்சாவது வரைக்கும் அங்கேயே படிக்கட்டும், தமிழ் வேர் பிடித்துவிடும், அப்புறம் எங்கே வந்தாலும் பயமில்லை என்று முடிவு செய்தோம். அசலூரில் பிழைக்கிற தமிழன் இப்படித்தான் யோசிப்பான். பாஷை போய்விடுமே என்று பதறுவான். வேறு என்ன போகும் என்று யோசிக்க மாட்டான்.

மாதத்தில் ஒரு நடையாவது நான் போய் அவனைப் பார்த்துவிடுவேன். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செண்பகமும் வண்டியில் ஏறிவிடுவாள், மடியில் வள்ளியும். வெங்காய வியாபாரம் என்று பெயர்தானே தவிர, எங்கள் இரண்டு பேருக்கும் அந்த வண்டி ஓடுவதே அதற்குத்தான்.

"ரெண்டு மாசத்துக்கு ஒரு நாள் அவன் மூஞ்சியப் பாக்கணும். அது ஒண்ணுதான் கேக்கேன். இந்த ஏழு வருஷத்துல வேற என்ன கேட்டேன் உங்ககிட்ட? ஒரு குந்துமணித் தங்கம் கேட்டேனா?"

"நான் மட்டும் என்ன, பாக்க வேண்டாம்னா சொல்லுதேன்? வெங்காயத்துல இனிமே கஞ்சிகூட குடிக்க முடியாது, செம்பகம்!"

"கஞ்சி குடிக்காண்டாம். அடுத்த வருஷம் அஞ்சாவது முடிஞ்சிருது. கூட்டிட்டு வந்திருவோம். அது வரைக்கும் ரோட்டு டயரே இருக்கட்டும். அவன் வந்ததுக்கப்புறம் நீங்க மலைக்குப் போங்க, ஆகாசத்துக்குப் போங்க, நான் கேக்க மாட்டேன்."

என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வீட்டுக்கார மாமி எட்டிப் பார்த்து, "ஏண்டி செண்பகம், என்னடி சத்தம்? போயும் போயும் ஒரு ரப்பருக்கா இத்தனை சண்டை?" என்றாள். செண்பகம் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒண்ணுமில்ல மாமி" என்றாள்.

வள்ளி வாசலில் அடுத்த வீட்டுப் பெண்களோடு மலையாளத்தில் பாடிக்கொண்டிருந்தாள். இவளுக்குப் பள்ளிக்கூடமும் மலையாளம், விளையாட்டும் மலையாளம், கனவில் உளறுவதும் மலையாளம். சாப்பிடக் கூப்பிட்டால் "இத்திரி கழியட்டே அப்பா" என்கிறாள். கொஞ்ச நேரம் போகட்டுமாம். தமிழில் சொல்லடி என்றால் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சித்திரி களிச்சு வாரேன்" என்கிறாள். அது எந்தத் தேசத்துத் தமிழோ! சரி, ஒரு பிள்ளையாவது தமிழ் படிக்கிறதே, அவன் வந்து இவளுக்கும் சொல்லிக் கொடுப்பான் என்று இருவரும் அதையே சொல்லித் தேற்றிக்கொண்டோம். ரோட்டு டயர் என்று முடிவாயிற்று.

4

முடிவு செய்துவிட்டால் ஆயிற்றா? வண்டியின் பெர்மிட்டும் அதே மாதம்தான் முடிந்தது. எந்த ரூட்டில் ஓடும் என்று சொல்லிப் புதுப்பிக்க வேண்டும். டிரான்ஸ்போர்ட் ஆபீஸில் காலையில் போய் நின்றவனை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் கூப்பிட்டார்கள். குமாஸ்தா தலையை நிமிர்த்தவில்லை.

"ஏது ரூட்டா?"

"தெற்கு ரூட் சார். நாகர்கோவில் வழி திருநெல்வேலி."

"திருநெல்வேலி மதராஸ் அல்லே? அவருடெ ஒப்பு எவிடே?"

மதராஸ்காரர்களின் கையெழுத்து எங்கே என்று கேட்கிறார். போன தடவை அந்தப் பக்கத்து ஆபீஸில் போய் நின்றபோது அவர்கள், "திருவாங்கூர் வண்டியா? முதல்ல உங்க ஆபீஸ்ல வாங்கிட்டு வாங்க" என்றார்கள். அங்கே போனால் நான் திருவாங்கூர்க்காரன். இங்கே வந்தால் பாண்டிக்காரன். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஒரு குடிசை போட்டு உட்கார்ந்துகொண்டால் அப்போது எந்தக்காரன் என்று யாராவது சொல்வார்களோ என்னவோ.

இதை எனக்குத் தெரிந்த மலையாளத்தில் அவரிடம் கொட்டினேன். கோபத்தில் பேசினால் என் மலையாளம் இன்னும் மோசமாகிவிடும். பக்கத்து மேஜைக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குமாஸ்தா நல்ல மனிதர்தான். முதல் தடவையாக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நெடுமங்காடு, வித்துரா, மலை ரூட்டு. அதாணெங்கில் இந்நு தன்னெ தராம்."

மலை ரூட் என்றால் இன்றைக்கே தருகிறாராம். எல்லோருக்கும் என்னை மலைக்கு அனுப்பத்தான் அவசரம்! வேண்டாம் சார், தெற்குதான் வேண்டும், திங்கட்கிழமை அந்தக் கையெழுத்தோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். வர்க்கியிடம் போய், ரோட்டு டயர்தான் எனக்கு, ஆனால் திங்கள் வரை பொறுங்கள் என்றேன். வெடித்த டயருக்குப் பதிலாக ஒரு பழைய டயரை அவரே கொடுத்தார். "பதுக்கெப் போணும்" என்று இரண்டு தடவை சொன்னார். மெதுவாகப் போகச் சொன்னார்.

5

வெள்ளிக்கிழமை விடிய வண்டியை எடுத்தோம். கையெழுத்து வாங்கிய மாதிரியும் ஆயிற்று, பையனைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று என்று செண்பகமும் வந்தாள். முறுக்கும் நேந்திரங்காய் வறுவலும் ஒரு தூக்கு நிறைய வைத்திருந்தாள். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய நீலச் சட்டை ஒன்று. ஒவ்வொரு தடவையும் சட்டை வாங்கிப் போவாள், ஒவ்வொரு தடவையும் அவன் அதைவிட வளர்ந்திருப்பான். இந்தத் தடவை பெரிதாகவே எடுத்திருந்தாள். வழி நெடுக அடுத்த வருஷத்தைப் பற்றியே பேசினாள். அவனுக்குப் படுக்க இடம் எங்கே, எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழும் சேர்த்துச் சொல்லித் தருகிறார்கள், எல்லாம் விசாரித்து வைத்திருந்தாள்.

பாளையங்கோட்டை ஆபீஸில் கையெழுத்து, ஆச்சரியம், உடனே கிடைத்துவிட்டது. நல்ல சகுனம் என்றாள் செண்பகம்.

கோமதி மதினி வாசலிலேயே நின்றாள். "ஏட்டி செம்பகம், என்னட்டி இப்படி மெலிஞ்சு போயிருக்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். என் சகலை எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார். நல்ல மனிதர்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தாலாவது மனசு ஆறும்.

சங்கரன் பள்ளிக்கூடம் விட்டு வந்தான். நெற்றியில் விபூதி, கையில் பை, என் அப்பாவின் மூக்கு. "வாங்க" என்றான். கொஞ்ச காலமாகவே அவன் எங்களை எந்த முறையும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாங்க, இருங்க, போயிட்டு வாங்க, அவ்வளவுதான். எப்போதோ பார்க்கிறவன், கூச்சப்படுகிறான் என்று நினைத்திருந்தோம்.

வள்ளிக்கு அண்ணனைக் கண்டால் உயிர். அவன் கையைப் பிடித்து ஆட்டிக்கொண்டு, "இவிடெ ஊஞ்ஞால் உண்டோ? எனிக்கு ஆடணம்" என்றாள்.

சங்கரனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இவ என்னம்மா கேக்கா?" என்றான்.

செண்பகத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "ஊஞ்சல் இருக்கான்னு கேக்கா ராசா. தங்கச்சிக்கு ஆடணுமாம்" என்றாள்.

அவன் திரும்பிப் பார்த்தான். துளிகூடக் கெட்ட எண்ணம் இல்லாமல், மரியாதையாக, "இல்ல சித்தி, நான் அம்மாட்ட கேட்டேன்" என்றான்.

அவனுடைய அம்மா என்றால் கோமதி. அம்மாவின் தங்கை சித்திதானே? முறைப்படி சரியாகத்தான் கூப்பிட்டான். நல்ல தமிழ்!

கோமதி கையில் இருந்த காப்பித் தம்ளரை அப்படியே கீழே வைத்துவிட்டாள். "ஏலே! என்ன சொல்லுத நீ? அதுதாம்லே உன்னப் பெத்த அம்மா! எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்று அவன் முதுகில் ஓர் அடி வைத்தாள். வைத்துவிட்டு அவளே அழுதாள்.

"எனக்குத் தெரியும்மா," என்றான் அவன் அடியைத் தடவிக்கொண்டு. "பெத்த அம்மான்னு தெரியும். ரெண்டு பேரையும் அம்மான்னா பள்ளிக்கூடத்துல பயலுவ சிரிக்கானுவ. அதான் சித்தின்னு சொல்லுதேன். சித்தப்பா, நீங்களே சொல்லுங்க, அது தப்பா?"

என்னைத்தான் கேட்டான். தப்பில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது? கேட்ட பிள்ளைக்கு வயது பத்து.

செண்பகம் அழவில்லை. அவனைக் கிட்டே கூப்பிட்டு, நீலச் சட்டையைப் போட்டுவிட்டாள். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் போட்டாள். போட்டுக்கொண்டே, "அடுத்த வருஷம் எங்கூட வந்திருதியாலே? தங்கச்சிகூட இருக்கலாம்லா?" என்று கேட்டாள்.

"லீவுக்கா சித்தி?"

"லீவுக்கில்ல ராசா. அங்கயே இருந்து படிக்க."

அவன் பயந்துவிட்டான். கண் கோமதியைத் தேடியது. "அங்க வந்தா மலையாளமாயிரும்லா? தமிழ் மறந்து போயிரும்னு நீங்கதான சொன்னிய? அதான நான் இங்க இருக்கேன்?" என்றான்.

நாங்கள் சொன்னதைத்தான் சொன்னான். ஏழு வருஷமாக நாங்கள் ஒவ்வொரு தடவையும் அவன் காதுபடப் பேசியதை ஒரு வார்த்தை பிசகாமல் ஒப்பித்தான். என் சகலை எழுந்து உள்ளே போய்விட்டார். செண்பகம் கடைசிப் பொத்தானையும் போட்டாள். சட்டை அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போலச் சரியாக இருந்தது. அவள் அவன் தலையைத் தடவி, "ஆமா, நாங்கதான் சொன்னோம்" என்றாள்.

6

அன்று அங்கே தங்குவதாக இருந்தோம். செண்பகம் தங்கவில்லை. சரக்கு ஏற்ற வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டுச் சரக்கே ஏற்றாமல் கிளம்பினோம். சங்கரன் வாசலில் நின்று கையை ஆட்டினான். வள்ளி, "சேட்டா, ஞான் இனியும் வராம்" என்று கத்தினாள். மறுபடியும் வருவேன் என்கிறாள். அவனுக்கு அதுவும் புரிந்திருக்காது.

ஆரல்வாய்மொழியில் காற்று வண்டியைத் தள்ளியது. அரிசி கடத்துகிறார்களா என்று பார்க்கிற சவுக்கையில் வண்டியை நிறுத்தினார்கள். காவலர் பின்னால் ஏறிப் பார்த்து, "ஒண்ணுமே இல்லியே? பாளையங்கோட்டை வரைக்கும் போயிட்டு வெறும் வண்டியா வருது?" என்றார் சந்தேகத்தோடு. கூண்டுக்குள்ளும் எட்டிப் பார்த்தார். செண்பகம் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். போகச் சொன்னார்.

நாகர்கோவில் தாண்டித் தக்கலை வந்தோம். வள்ளி மடியில் தூங்கிப்போனாள். சிமிண்டு ரோட்டில் பழைய டயர் தட்தட் என்று அடித்துக்கொண்டே வந்தது.

"கட்டை டயரே போட்டிருங்க" என்றாள் செண்பகம்.

நான் வண்டியை ஓரம் கட்டினேன். "பேசாம இரு. பிள்ளை அறியாம ஒரு வார்த்தை சொல்லிட்டான். அதுக்குன்னு விட்டிர முடியுமா? மாசாமாசம் போவோம். ரெண்டு வருஷம் ஆனாலும் சரி. நாம போயிக்கிட்டே இருந்தா அவனுக்கும் ஒட்டும்." ஒரு வாரமாக மலைக்காக அவளோடு மல்லுக்கு நின்ற நான்தான் இப்போது ரோட்டு டயருக்காகக் கெஞ்சினேன்.

"போயி?"

"போயின்னா?"

"மாசாமாசம் போயி, சித்தி வந்திருக்காங்கன்னு அவன் கொண்டாந்து தருத காப்பியக் குடிச்சிட்டு வரவா? அக்காவ அழ வச்சு, அவன அடி வாங்க வச்சு, திரும்பி வரவா? என்னால ஆகாதுங்க. இன்னைக்கு ஒரு தடவ அதப் பாத்தாச்சு. போதும்."

"அவன் நம்ம பிள்ளை செம்பகம்!"

"நான் இல்லங்கலியே."

கோர்ட்டுக்குப் போய் வாங்குகிற சாமானா அது? தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். தூக்கிக்கொண்டு வந்தால், அன்று எங்களிடமிருந்து பிரித்தது போதாது என்று இன்று அவனை அவன் அம்மாவிடமிருந்து பிரித்ததாகும். பத்து வயதுப் பையனுக்கு இரண்டு தடவை அதைச் செய்வதா? இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு வழியும் இல்லை. ஊரில் படிக்கிற யாருக்காவது தோன்றினால் சொல்லுங்கள். உண்மையாகத்தான் கேட்கிறேன்.

7

திங்கட்கிழமை குமாஸ்தாவிடம் மலை ரூட் என்று சொன்னேன். பாளையங்கோட்டையில் வாங்கிய கையெழுத்து என் சட்டைப் பையிலேயே இருந்தது. அன்றைக்கே பெர்மிட் கிடைத்தது.

வர்க்கி கடைக்குச் செண்பகமும் வந்தாள். ஆட்கள் ஜாக்கி வைத்துத் தூக்கி, ஒவ்வொரு சக்கரமாகக் கழற்றிப் புது டயரை மாட்டினார்கள். புது ரப்பர் வாசம் தெருவெல்லாம் அடித்தது. வள்ளி டயர்க் கட்டைகளின் பள்ளத்தில் விரலை விட்டு விட்டு எடுத்தாள். செண்பகம் கடைக்கு வெளியே நிழலில் நின்று, நாலாவது சக்கரம் மாட்டி முடிகிற வரை பார்த்தாள்.

நான் வண்டியைத் தெருமுனை வரை ஓட்டித் திரும்பி வந்தேன். தார் ரோட்டில் கடகடவென்று ஊரைக் கூட்டுகிற சத்தம். ஸ்டியரிங் கையில் நடுங்கியது. வர்க்கிக்குச் சந்தோஷம்.

"மலையிலே மாத்ரம் ஓட்டினா மூணு வருஷம் ஓடும் பிள்ளே. தெக்கோட்டு மாத்ரம் எடுக்கருது, கேட்டோ?"

தெற்குப் பக்கம் மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று என்னிடம்தான் சொன்னார். நான் வாயைத் திறப்பதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது.

"எடுக்கில்ல."

எடுக்க மாட்டோம் என்றாள். ஏழு வருஷத்தில் செண்பகம் மலையாளத்தில் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வள்ளி கைகொட்டிச் சிரித்தாள்.